தேருக்குப் பொறவு

1

ஒரு மாதமாக என் கைபேசி தேரை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் வாரம் ஒரு தடவை, கடைசிப் பத்து நாளும் தினம் காலையில். அப்படி வைத்தது நான்தான். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், மூன்றாவது மாடிச் சமையலறையில், திருநெல்வேலி ஆனித் தேருக்கு மணியடிக்கிறது. மகன் முகில் அதை அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான்.

போன வருடம் இந்த மணி இல்லை. அதனால் என் சிநேகிதி ஒருத்தியின் ஏழு வருட உழைப்பு போயிற்று. நான்தான் கெடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். இன்றைக்குத் தேர். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகங்களுக்கு நொதி செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். என் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு நொதி. பெயர் தைமிடிலேட் சிந்தேஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாவதற்கு முன்னால் தன் டி.என்.ஏ.வை முழுசாக நகலெடுக்க வேண்டும். அந்த டி.என்.ஏ. நாலே எழுத்தால் ஆனது. அதில் ஓர் எழுத்தைச் செய்து கொடுப்பது இந்த நொதிதான். இதை நிறுத்திவிட்டால் நகல் நின்றுபோகும், செல் பெருகாது. புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் அதனால்தான் இதைக் கேட்டு வருகிறார்கள்.

குப்பியில் ‘மனித’ நொதி என்று அச்சடித்திருக்கும். ஆனால் எந்த மனிதனிடமிருந்தும் எடுப்பதில்லை. மனித மரபணுவின் நகல் ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் அது தன் சோலியோடு சோலியாக இதையும் செய்து தள்ளும். அப்புறம் அதை உடைத்து, வடித்து, வடித்ததை மறுபடி வடித்து, ஒரு வாரம் குளிர் அறையில் ஸ்வெட்டரோடு நின்றால் குப்பியின் அடியில் நாலு சொட்டு கிடைக்கும். மைனஸ் எண்பதில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வெயிலில் வைத்தால் அரைநாள் தாங்காது. அரைத்த உளுந்து மாவு கூட அதைவிடக் கெட்டி.

2

சிநேகிதி பெயர் உலகம்மாள். எனக்கு உலகு. திருநெல்வேலிப் பக்கம் வி.கே.புரம் மில் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. எங்கள் இரண்டு பேர் அப்பாவும் நூல் மில்லில்தான் இருந்தார்கள். நாங்கள் ஒரே பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய் வேதியியல் படித்தோம். அவள் முதல் மதிப்பெண், நான் அவளைப் பார்த்து எழுதின மதிப்பெண். நான் கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். அவள் அங்கேயே ஒரு கல்லூரியில் ஆசிரியை ஆனாள்.

முப்பத்தெட்டு வயதில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். காலையில் வகுப்பு, மத்தியானம் விடைத்தாள், சாயங்காலம் படுக்கையில் கிடக்கும் மாமியார். இதற்கு நடுவில் சனி ஞாயிறுகளில் ஆய்வகத்தைத் திறந்து ஒன்பது புதிய சேர்மங்களைத் தானே செய்தாள். அந்த ஒன்பதில் ஒன்றாவது மனித நொதியை நிறுத்துமா என்று பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. பதிவுக்காலத்தை ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டித்தாயிற்று. ஜூலை கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று கடிதமே வந்துவிட்டது.

நொதிக்காக அங்கே இங்கே கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் மூன்று மாதம், நாலு மாதம் என்றார்கள். அப்புறம்தான் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

“ஏளா கோமு, நீ செய்யுதது இந்தச் சவம்தானே?”

“ஆமா, இதுதான். பதினோரு வருஷமா இதையேதான் வடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“அப்பம் எனக்கு ஒரு குப்பி கெடைக்குமா? ஒண்ணே ஒண்ணு போதும்ட்டீ. ஒம்பதையும் ஒரே நாள்ல பாத்திருவேன்.”

கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டிருக்கலாம், கோட்டிக்காரி. எங்கள் நிறுவனத்தில் ஒரு கல்லூரிக்கு வருடத்துக்கு ஒரு மாதிரிக் குப்பி கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. நான் விண்ணப்பப் பாரம் நிரப்பி, பிரிவுத் தலைவியிடம் கையெழுத்து வாங்கி, அப்போது வடித்து வைத்திருந்த தொகுதியில் மிஞ்சியிருந்த கடைசிக் குப்பியை எடுத்து அவள் பெயரை எழுதி ஒட்டினேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது. வந்து இத்தனை வருடத்தில் ஊருக்குச் சாக்லேட்டும் தலைவலித் தைலமும் தவிர நான் எதையும் அனுப்பினதில்லை.

3

எப்போது அனுப்ப என்று கேட்டிருந்தேன். அவள் குரல் பதிவில் பதில் போட்டாள்.

அது ஒரு சனிக்கிழமை. நான் தமிழ்ப் பள்ளியில் இருந்தேன். இங்குள்ள நம் பிள்ளைகளுக்காக வாரத்தில் ஒரு நாள் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். நான் நாலாம் நிலைக்கு ஆசிரியை. முகில் என் வகுப்பில்தான் இருக்கிறான். கேள்வியைத் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வான், தமிழில் சொல் என்றால் பேசாமல் இருப்பான். அன்றைக்கு மேஜை நிறைய ‘ஆண்டுத் தேர்வு’ என்று தலைப்பிட்ட தாள்கள். ஒரு கையில் சிவப்புப் பேனா, மறு கையில் கைபேசி. பிள்ளைகள் இரைச்சலுக்கு நடுவில் நான் கேட்டது இது:

“ஏளா, அவசரப்பட்டு அனுப்பிராத. தேர்வுக்குப் பொறவு அனுப்பு, கேட்டியா? அதுக்கு முன்ன அனுப்புனா எனக்கு எடுக்கத் தோதுப்படாது.”

அவள் கல்லூரியில் அரியர் எழுதும் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது, ஹாலில் நின்று நின்று கால் வீங்குகிறது என்று முந்தின வாரம்தான் புலம்பியிருந்தாள். அது அடுத்த வெள்ளிக்கிழமை முடிகிறது. எனக்கு எல்லாம் அச்சாகப் பொருந்திற்று. செவ்வாய்க்கிழமை அனுப்பினால் சனிக்கிழமை கையில் கிடைக்கும். பரீட்சை முடிந்திருக்கும், அவளும் கையோடு ஆய்வகத்துக்குப் போய்விடலாம். ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டுத் தாள் திருத்தப் போனேன்.

செவ்வாய்க்கிழமை டிரை ஐஸ் நிரப்பி, நானே பெட்டியை ஒட்டினேன். பரீட்சை ஹாலில் நிற்கிறவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், கையில் கிடைத்ததும் அவளே கூப்பிடட்டும் என்று அனுப்பினதைச் சொல்லவில்லை. ஐஸ் நாலு நாளைக்குத் தாங்கும். பெட்டிக்குள் ஒரு வெள்ளை வில்லை வைப்போம். சூடு ஏறினால் அது சிவப்பாகிவிடும்.

4

வியாழக்கிழமை காலை, பெட்டி போய் இறங்கின விமான நிலையத்தில் இருந்த ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பொருளின் பெயரில் ‘மனித’ என்று இருக்கிறது, இது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, அவருடைய சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். உடனே கூப்பிட்டேன். எடுத்தவர் மரியாதையான மனிதர்.

“மேடம், ஹியூமன்னு போட்டிருக்கீங்களே. யாரோடது?”

“யாரோடதும் இல்ல சார்.”

“அப்புறம் ஏன் மேடம் ஹியூமன்னு போட்டீங்க?”

“சமையல் குறிப்பு மட்டும்தான் சார் மனுஷனோடது. சமைச்சது பாக்டீரியா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“பாக்டீரியாவா? உள்ள பாக்டீரியா இருக்கா மேடம்?”

இல்லை சார், உடைத்தாயிற்று, வடித்தாயிற்று, நோய் ஒன்றும் வராது என்று அரைமணி நேரம் மன்றாடினேன். பதினாறு வருடம் ஜெர்மன் அதிகாரிகளிடம் பாரம் நிரப்பிப் பழகினவள் நான், நம் ஆளிடம் தமிழில் பேசுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவருக்கு மூன்று கடிதம் வேண்டும். மனிதரிடமிருந்து எடுக்கவில்லை என்று ஒன்று, தொற்று இல்லை என்று ஒன்று, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஒன்று.

“ஒண்ணும் அவசரம் இல்ல மேடம். எங்க குளிர் ரூம்ல புது ஐஸ் போட்டு வச்சுடறோம். திங்கக்கிழமை வரைக்கும் பத்திரமா இருக்கும். நிதானமா அனுப்புங்க.”

அந்த மனிதர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “இல்ல சார், சனிக்கிழமை திருநெல்வேலி போயே ஆகணும். ஒருத்தங்க வாழ்க்கை சார்” என்றேன். மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். தலைவியைக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துக் கையெழுத்து வாங்கினேன். சட்டப் பிரிவில் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக இருந்தார், வாசலில் மறித்தேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று கடிதமும் போயின. வெள்ளிக்கிழமை காலை, புது ஐஸ் எதுவும் போடாமலே, பெட்டியை விட்டுவிட்டார்கள். “ரொம்ப ஃபாஸ்ட் மேடம் நீங்க” என்று அவர் கூப்பிட்டே சொன்னார். அன்று சாயங்காலம் ரவா கேசரி கிண்டினேன். என்ன விசேஷம் என்று முகில் கேட்டான். அம்மா ஜெயித்துவிட்டேன் என்றேன்.

5

சனிக்கிழமை காலை ஏழு மணி. பெட்டி திருநெல்வேலி டவுன் கிளைக்கு வந்து சேர்ந்தது என்று கணினித் திரை காட்டிற்று. நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். உலகு கூப்பிட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

“ஏளா, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க! பெட்டி டவுனுக்கு வந்துட்டுன்னு மெசேஜ் வந்திருக்கு. இன்னைக்குத் தேருல்லா?”

“தேரா?”

“தேருட்டீ! நெல்லையப்பர் தேரு! அந்தக் கொரியர்காரன் ஆபீசு எங்கன இருக்கு தெரியுமா? ரத வீதிக்குப் பின்னால. ஈ எறும்பு நொழைய முடியாது. லோக்கல் லீவு வேற. தேருக்குப் பொறவு அனுப்புன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

என் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. தேருக்குப் பொறவு. அவள் சொன்னது அதுதான். எங்கள் ஊரில் ஆனி மாதத்தில் யாரும் தேதி பார்த்துப் பேச மாட்டார்கள். சீட்டுப் பணமா, தேருக்கு முந்தின வாரம். தையல்காரர் ரவிக்கை கொடுப்பதா, தேர் கழிந்து. அப்பா மில்லிலிருந்து ஓய்வு பெற்றது தேருக்கு மறுநாள். நானும் அப்படிப் பேசி வளர்ந்தவள்தான்.

கிளையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவள் எப்படியோ விசாரித்து, அந்த ஆளின் எண்ணைப் பிடித்துவிட்டாள். என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு ஐஸ் பெட்டி வந்திருக்கு. கொஞ்சம் வந்து தொறந்து தாங்களேன்.”

“யம்மா, நான் வடம் புடிச்சிக்கிட்டு நிக்கேன். விடிய முன்ன லோடு எறக்கிப் பூட்டிட்டு வந்தாச்சு.”

“சாவியையாவது யார்ட்டயாவது குடுத்து விடுங்க அண்ணாச்சி!”

“சாவி மடியில இருக்கு. நான் நடு வடத்துல நிக்கேன், முன்னுக்கும் பின்னுக்கும் ஆயிரம் பேரு. எங்கன எடுத்து யார்ட்டக் குடுக்க? தேரை மத்தியானத்துக்கு நிறுத்துவாங்க, அப்பம் வாரேன். பெட்டி எங்கயும் போயிராதும்மா.”

உலகு பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை பஸ்ஸில் வந்து, அதற்கு மேல் பஸ் இல்லாமல் டவுனுக்கு நடந்தே போனாள். கிளை ஒரு தகரக் கொட்டகை. பூட்டு தொங்குகிறது. வெயில் சுட்டெரிக்கிறது. அவள் வாசல் நிழலில் நின்றுகொண்டு, தெரு முனையில் தெரிந்ததை வீடியோவில் காட்டினாள். பதினாறு வருடம் கழித்துத் தேரைப் பார்க்கிறேன். அலங்காரத் துணியெல்லாம் அப்படியே. முனையில் திரும்ப மாட்டாமல் நிற்கிறது. சக்கரத்துக்குத் தடி போடுகிறார்கள், ஜனம் சத்தம் போடுகிறது, ஒரு சாண் நகர்கிறது, மறுபடி நிற்கிறது. நகரு, நகரு என்று நான் சமையலறையில் நின்று கத்தினேன். சாமியைப் பார்க்கிறோம், கும்பிடத் தோன்றவில்லை.

முகில் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

“என்னம்மா அது?” என்று ஜெர்மனில் கேட்டான்.

“தேர்.”

அவன் சிரித்துவிட்டான். ரோட்டுக்குப் போடும் தாருக்கு ஜெர்மனில் ‘டேர்’ என்று பெயர். இவ்வளவு பேரும் சேர்ந்து ரோடா போடுகிறார்கள் என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் அறைந்திருப்பேன். ஆனால் ‘தேர்’ என்ற வார்த்தையை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? நாலாம் நிலைப் பாடத்தில் நான் சொல்லிக் கொடுத்தது ‘தேர்வு’தான், தேரை இல்லை. இது கோயில் ரதம், ஊரே சேர்ந்து இழுக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தான். “டேர்” என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

6

அங்கே இரண்டரை மணிக்கு அந்த அண்ணாச்சி வந்தார். சட்டையெல்லாம் நனைந்து, உள்ளங்கை சிவந்து. மன்னிச்சிக்கிடும்மா என்று சொல்லிக்கொண்டேதான் திறந்தார். அவர் மேல் என்ன தப்பு?

உலகு அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். நான் வீடியோவில் இருந்தேன். டிரை ஐஸ் ஒரு பொடி கூட இல்லை. வில்லை குங்குமம் மாதிரி சிவந்திருந்தது. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே நாலு சொட்டும் இளகித் தண்ணீராகக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

“செத்திருக்காது உலகு, கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்” என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடம் அதை வடித்தவளுக்குத் தெரியாதா?

அவள் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, வழியில் ஒரு கடையில் சர்பத்துக்கு உடைத்து வைத்திருந்த ஐஸில் கொஞ்சம் வாங்கிப் பையில் போட்டு, ஜங்ஷனுக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்து பார்த்தாள். முதலில் சேர்மம் ஒன்றும் போடாமல் நொதி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவியில் கோடு எழும்பவே இல்லை. மூன்று தடவை பார்த்தாளாம். நிறுத்துவதற்கு ஒன்பது மூலக்கூறு வைத்திருந்தாள், நொதி தானாகவே நின்று போயிருந்தது.

நான் திங்கட்கிழமை தலைவியின் அறைக்குப் போனேன். வருடத்துக்கு ஒன்றுதான், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாள். அழுதேன். அவள் எழுந்து தண்ணீர் கொடுத்தாள். கூட்டிப் போய் மைனஸ் எண்பது அலமாரியைத் திறந்தே காட்டினாள். அந்தத் தொகுதியில் ஒரு குப்பி கூட இல்லை, அடுத்தது அக்டோபரில்தான். இந்த ஊரில் யாரும் பொய் சொல்வதில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லை.

அன்று சாயங்காலம் உலகிடம் உண்மையைச் சொன்னேன்.

“நீ தேர்வுக்குப் பொறவுன்னு சொன்னதா எனக்குக் கேட்டுச்சு உலகு.”

“தேர்வா?” என்றாள். அப்புறம், இத்தனைக்கும் நடுவில், சிரித்தாள். “நான் எந்தக் காலத்துலட்டீ தேர்வுன்னு பேசியிருக்கேன்? பரிச்சைன்னுதானே சொல்லுவேன். தேர்வெல்லாம் பொஸ்தகத்துல உள்ள பேச்சுல்லா.”

அவள் சொன்னது சரிதான். பரிச்சை என்று சொல்லிப் பரிச்சை எழுதினவள் நான். எப்போது என் காதுக்குள் தேர்வு வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

இருந்தும் மனசு கேட்கவில்லை. அவள் வாய் குழறியிருக்கும், கைபேசி சரியில்லாமல் இருந்திருக்கும் என்று அந்தப் பழைய குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பத்தாவது தடவையும் எனக்கு ‘வு’ கேட்பது போலவே இருந்தது. முகிலைக் கூப்பிட்டேன். இந்த அத்தை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். ஒரே தடவைதான் கேட்டான்.

“‘டேருக்குப் பொறவு’ன்னு சொல்றாங்கம்மா. அன்னைக்குப் பார்த்தோமே, அந்த டேர்.”

தமிழில் சொன்னான். அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

7

ஜூலை கடைசி வந்தது, போயிற்று. நொதிச் சோதனை அத்தியாயம் இல்லாத ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வழிகாட்டி மறுத்துவிட்டார். பதிவு ரத்தானது. உலகு அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், பரிச்சை ஹாலில் நிற்கிறாள். ஒன்பது சேர்மங்களும் ஆய்வகக் குளிர்பெட்டியில் சின்னச் சின்னக் குப்பிகளாக இருக்கின்றன. ஒருமுறை இடத்தை ஒழிக்கச் சொன்னார்களாம், இவள் மாட்டேன் என்றாளாம். நான் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் “சவத்த விடு கோமு” என்று மாமியார் உடம்பைப் பற்றிப் பேசப் போய்விடுவாள்.

அக்டோபரில் புதிய தொகுதி வந்தது. நன்றாக வந்தது, பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக நான் வடித்ததில்லை. இப்போது அலமாரியில் இரண்டு தட்டு நிறையக் குப்பிகள் இருக்கின்றன. வருடம் திரும்பிவிட்டதால் அவள் கல்லூரிக்கு ஒரு மாதிரிக் குப்பிக்கு மறுபடி உரிமை உண்டு. பாரம் கூட என் மேஜையில் இருக்கிறது. அவளுக்குத்தான் இனி அது எதற்கும் உதவாது.

இன்று காலை மணி அடித்தது. அணைத்தேன். மத்தியானம் உலகிடமிருந்து ஒரு குரல் பதிவு. அறைக் கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். பின்னால் ஜன இரைச்சல், கொட்டு. குரலில் சிரிப்புதான் இருந்தது, வேறொன்றும் எனக்குக் கேட்கவில்லை. என் காதை நான் இப்போது நம்புவதில்லை.

“ஏளா கோமு, இந்த வருஷம் தேரு வெரசா நெலைக்கு வந்துட்டு. இனி நீ என்ன வேணும்னாலும் அனுப்பு.”

நாலு தடவை கேட்டுவிட்டு, ‘சரி’ என்று பதில் போட்டேன். போன வருடமும் அதைத்தான் போட்டிருந்தேன்.